இங்கிலாந்தில் கூடாரமடித்துத் தங்கியபோது நேர்ந்தவை: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றை எழுதுங்கள்

ஹாரோவாசி

மூன்று ஆண்டுகளாக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஜூலை மாதம், ஏரி மாவட்டத்தில் வாஸ்டேல் ஹெட். அங்கே பெய்யும் மழையைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மறுநாள் ஸ்கேஃபெல் பைக் மலையில் ஏறிவிட வேண்டும் என்ற ஆசையில் லண்டனிலிருந்து நாள் முழுவதும் காரோட்டி வந்து, நனைந்தபடியே கூடாரத்தை அடித்து முடித்தபோது இரவு எட்டு மணியாகிவிட்டது. வழியில் பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய அலுமினியத் தட்டு பார்பிக்யூவில், வீட்டிலிருந்து மசாலா தடவிக் கொண்டுவந்த கோழியைச் சுட்டுச் சாப்பிட்டோம். மனைவியும் பிள்ளைகள் இருவரும் உள்ளறையில் ஸ்லீப்பிங் பேக்கிற்குள் புகுந்துகொண்டார்கள். மழை வலுத்தது. கரி சாம்பல் பூத்து அடங்கியிருந்தது. தீ இல்லை, புகை இல்லை, நல்ல கதகதப்பு மட்டும் இருந்தது. வீணாகப் போவானேன் என்று தட்டைத் தூக்கிக் கூடாரத்தின் போர்ச்சில், அதாவது உள்ளறைக்கு முன்னால் இருக்கும் முகப்பில், ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, சாரல் அடிக்காமல் இருக்க ஜிப்பை முக்கால்வாசி இழுத்து மூடினேன்.

அரை மணி நேரம் கழிந்திருக்கும். வெளியிலிருந்து யாரோ ஜிப்பைத் திறந்தார்கள். பக்கத்துக் கூடாரத்து அம்மையார்; எழுபது வயதுக்கு மேல் இருக்கும்; பச்சை மழையங்கி, நெற்றியில் விளக்கு. என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், தடித்த கையுறை போட்ட கையால் தட்டைப் பற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் புல்வெளியில் வைத்து, அதன் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அது சீறிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. நான் கத்தினேன். அவர் திரும்பி, "உள்ளே குழந்தைகள் இருக்கிறார்களா?" என்று மட்டும் கேட்டார். கூடாரத்தின் இரண்டு வாசல்களையும் நான் முழுவதும் திறக்கும்வரை மழையிலேயே நின்றார்.

நம் நிறத்தைப் பார்த்துத்தான் இந்த அதிகாரம் என்று மனைவியிடம் தமிழில் சொன்னேன். மறுநாள் காலை அவர் காரில் ஏறும்போது எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கரி பார்பிக்யூவைக் கூடாரத்துக்குள் கொண்டுபோன குடும்பங்களுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதை அந்தக் குளிர்காலத்தில்தான் படித்தேன். அந்த உயர்ந்த கை இன்றும் கண்முன்னே நிற்கிறது.

மெட்வே_அப்பா

ஹாரோவாசி அவர்களே, நீங்கள் இவ்வளவு வருந்தத் தேவையில்லை என்பது என் கருத்து. போர்ச் என்பது பாதி வெளிப்புறம். அடுத்தவர் கூடாரத்தின் ஜிப்பைக் கேட்காமல் திறப்பதை எந்த ஊரிலும் மரியாதை என்று சொல்ல மாட்டார்கள். அவர் முதலில் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நானே இருமுறை போர்ச்சில் கரி வைத்துச் சமைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

என்னை உறுத்துவது நியூ ஃபாரஸ்டில் நடந்த வேறொன்று. 2021 கோடையில் போயிருந்தோம். அங்கே மட்டக்குதிரைகள் கூடாரங்களுக்கு நடுவே உலவும் என்பது உங்களுக்குத் தெரியும். என் மகள் முதல்நாள் மாலையில் ஒரு குட்டிக்குக் காரட் கொடுத்தாள். நான் படம் எடுத்தேன். விடியற்காலை ஐந்து மணிக்கு என் முகத்தில் சூடான மூச்சு பட்டு விழித்தால், அதே குட்டி உள்ளறை வரை தலையை நீட்டி ரொட்டிப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் உறையோடு மென்றுகொண்டிருக்கிறது. உறையைப் பிடுங்க முயன்றேன். பாதிதான் கைக்கு வந்தது. மீதி அதன் வயிற்றுக்குள் போய்விட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. அவை காட்டுக் குதிரைகள் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் உரிமையாளர் உண்டு என்பதும், அங்கே மேய்ச்சல் உரிமையுள்ள குடும்பங்கள் தலைமுறைகளாக வளர்ப்பவை அவை என்பதும் பிறகுதான் தெரிந்தது. 2023 ஜூலை முதல் அவற்றுக்கு உணவு கொடுப்பதற்கே தடை வந்துவிட்டது. அன்று கேம்ப்சைட் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குட்டியைத் தேடிப் பார்த்திருப்பார்கள்.

இரவுப்பணி_செவிலி

மெட்வே அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். "ஒன்றும் ஆகவில்லை" என்பதை இதில் ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளவே முடியாது. நீங்கள் குறிப்பிட்ட அதே 2023 ஜூலையில் நியூ ஃபாரஸ்டில் பார்பிக்யூவுக்கும் தடை வந்தது. அது காட்டுத்தீயைப் பற்றிய அச்சத்தால் வந்தது என்பது உண்மைதான். ஆனால் நாம் பேசுவது கார்பன் மோனாக்சைடைப் பற்றி. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கொழுந்துவிட்டு எரியும் கரியைவிட, சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தோன்றும் கரியை நம்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோமே, அதுதான் ஆபத்து. அது மணிக்கணக்கில் அந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாயு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், மயக்கம், தூக்கம் என்று வரும். காய்ச்சல் மட்டும் இருக்காது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அந்த ரத்தத்தையும் நல்ல ரத்தம் என்றே கணக்கிட்டு 98 என்று காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும். தூங்குகிறவருக்குத் தமக்கு என்ன ஆகிறது என்பதே தெரியாது. போர்ச்சுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய துணி; அது இந்த வாயுவைத் தடுக்காது. ஜிப்பை முக்கால்வாசி மூடிவிட்டபின் அது எப்படிப் பாதி வெளிப்புறம் ஆகும்?

இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்மோரில் கிளாம்பிங், அதாவது வசதிகளோடு கூடிய கூடார வாசம். மணி வடிவக் கூடாரம், மெத்தை போட்ட கட்டில், மூலையில் இரும்பு விறகடுப்பு. இரவு முழுவதும் கனல் நிற்கட்டும் என்று அடுப்பின் காற்றுத் துளைகளை நான்தான் மூடினேன். நள்ளிரவுக்குப் பிறகு கம்பத்தில் தொங்கிய கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தது. பேட்டரி தீர்ந்திருக்கும், கழற்றிவிடுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். அவர் கழற்றவில்லை. "நான்கு முறை, நிறுத்தம், மறுபடி நான்கு முறை; பேட்டரி என்றால் நிமிடத்துக்கு ஒருமுறைதானே ஒலிக்கும்" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். வெறுங்காலுடன் ஈரப்புல்லில் நின்றேன். அன்று வானம் அவ்வளவு நட்சத்திரங்களோடு இருந்தது. நான் அவற்றைப் பார்க்கவில்லை, கூடாரத்துக்குள் அது நான்கு நான்காக ஒலிப்பதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஹாரோவாசி அண்ணா, ஒன்று கேட்க வேண்டும்: அன்று இரவோ மறுநாள் காலையிலோ வீட்டில் யாருக்காவது தலைவலித்ததா?

கிராய்டன்காரி

என்னுடையது கேம்பர் சாண்ட்ஸ். அந்தப் பெயரைக் கேட்டாலே நம் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். 2016 ஆகஸ்ட் 24 அன்று லண்டனிலிருந்து போன நம் இளைஞர்கள் ஐவர் அங்கே உயிரிழந்தார்கள். அன்று அந்தக் கடற்கரையில் உயிர்காப்பாளர் ஒருவர்கூட இல்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ரை ஊரருகே கூடாரமடித்துத் தங்கியிருந்த நாங்கள், பிள்ளைகள் கேட்டார்கள் என்று அங்கே போனோம். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. மணல் திட்டு ஒன்றின் மேல் பிள்ளைகள் கோட்டை கட்டினார்கள். உயிர்காப்பாளரின் சிவப்பு மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிவந்தாள்; பத்தொன்பது வயது இருக்கும். "திரும்பிப் பாருங்கள்" என்றாள். நாங்கள் கடலைத்தான் கவனித்துக்கொண்டிருந்தோம். தண்ணீரோ எங்களுக்கும் கரைக்கும் நடுவே வந்துவிட்டிருந்தது. என் முழங்காலளவு, என் மகனுக்கு இடுப்பளவு. அவள் அவனைத் தூக்கிக்கொண்டாள். கரையேறியதும் நான் அழுதது எங்களை நினைத்து அல்ல, அந்த ஐந்து தாய்மாரை நினைத்து.

பருத்தித்துறையான்

கிராய்டன்காரி அக்கா எழுதியதை வாசித்தபின் நான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

லிண்டிஸ்ஃபார்ன் தீவு. கூடாரம் தரைப்பக்கத்தில், பீல் என்ற இடத்துக்கு அருகில். காலையில் கடல்வழிப் பாதையால் தீவுக்குப் போய், மடாலத்து இடிபாடுகளையும் கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வீதி நாளுக்கு இருமுறை கடலுக்குள் போய்விடும் என்பதும், கடக்கும் நேரங்களைப் பலகையில் போட்டிருப்பார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. பலகையின்படி எங்களுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பாலத்துக்குக் கிட்ட, தூண்களின் மேல் நிற்கும் அந்த வெள்ளை அடைக்கல அறை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில், பின் இருக்கையில் இருந்த அப்பா சொன்னார்: "தம்பி, பொறு. தண்ணி உள்ளுக்கு ஓடுது."

அப்பா ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார். ஐம்பது வருடம் கடற்றொழில் செய்தவர். எங்கள் பக்கத்து வற்றுப்பெருக்கு ஒரு மீட்டரும் வராது. நோர்தம்பர்லண்ட் கரையில் அது நாலு மீட்டரைத் தாண்டும். அதனால் அவருக்கு இந்தக் கடல் தெரியாது என்று நினைத்தேன். "நீங்கள் சும்மா இருங்கோ அப்பா, பலகையில நேரம் போட்டிருக்கு" என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி, வீதியோரத்து நீரில் மிதந்த ஒரு பாசிக்கொத்தைக் காட்டினார். அது கடல் பக்கமிருந்து நிலத்தை நோக்கி, ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அடுத்த வளைவில் தார்வீதியின் நடுவே நீர் ஒரு நாக்குப்போல ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டேன். காற்று கரையை நோக்கி அடித்தால் கடல் பலகையின் நேரத்துக்குக் காத்திருக்காது.

வாகனத்தைத் திருப்பித் தீவுக்கே போனோம். ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வாகனத்துக்குள் இருந்தோம். பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு உறங்கினார்கள். அப்பா அந்த நேரம் முழுவதும் வெளியே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா, நீங்கள் சொன்னதுதான் சரி" என்று நான் சொல்லவில்லை. அவர் போன வருடம் காலமானார்.

ரீடிங்_சமையலறை

எல்லோரும் எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. என் அனுபவம் சிறியது. டோர்செட்டில், லல்வர்த் கோவ் பக்கம், மின் இணைப்புள்ள இடம் எடுத்திருந்தோம். குளிர்ந்த இரவில் ஹீட்டரும் வீட்டுக் கெட்டிலும் ஒன்றாக ஓட, மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் தரும் கம்பத்துப் பெட்டி பூட்டியிருந்தது. பக்கத்து இடத்தில் மூச்சுக் கருவியின் உதவியோடு உறங்கும் ஒரு முதியவர் இருந்தார். எங்களால் அவருடைய இணைப்பும் போய்விட்டதோ என்று இருட்டில் ஓடிப்போய் அவரை எழுப்பினேன். போகவில்லை. அவரோ எழுந்து வந்து எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். பூக்கள் வரைந்த அந்த எனாமல் குவளையை மறக்க முடியாது.

ஹாரோவாசி அவர்களே, நீங்கள் கரியைத் தேடிப் போனதற்கே காரணம் மழையில் சமைக்க வழி இல்லாததுதான் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். மின் இணைப்புள்ள இடத்தை எடுத்தால் முதலில் எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். பத்து என்றால் 230 வோல்ட்டில் 2300 வாட் வரைதான் தாங்கும். வீட்டுக் கெட்டில் ஒன்றே 3000 வாட் இழுக்கும். சிறிய ரைஸ் குக்கர் 500 வாட் அளவில்தான் எடுக்கும். அதில் சோறு, பருப்பு, சாம்பார் சாதம், ஏன் உப்புமாகூடச் செய்யலாம். ஆயிரம் வாட் பயணக் கெட்டில் தனியே விற்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். சுருளில் வரும் மின்வடத்தை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சுருண்டபடியே இருந்தால் சூடேறி உருகும். முதலில் கூடாரத்துப் பக்கம் இணைத்துவிட்டுக் கடைசியில் கம்பத்தில் செருகுங்கள். கழற்றும்போது கம்பத்தில்தான் முதலில். எரிவாயு அடுப்பு வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் பியூட்டேனை நம்ப வேண்டாம். உறைநிலைக் குளிரில் அது ஆவியாகாது, புரோப்பேன்தான் எரியும். எந்த அடுப்பானாலும் கூடாரத்துக்கு வெளியே, நான்கு கம்பு நட்டுக் கட்டிய தார்ப்பாய்க்குக் கீழே, எல்லாப் பக்கமும் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாயின் ஒரு மூலையைத் தாழ்த்திக் கட்டினால் மழைநீர் தேங்காது. இட்லி மாவு கொண்டுபோகிறவர்கள் பாத்திரத்தில் பாதிதான் நிரப்ப வேண்டும். ஜூலை வெயிலில் மூடிய காருக்குள் அது எப்படிப் பொங்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மெட்வே_அப்பா

செவிலித் தங்கை எழுதியதை இரண்டு முறை படித்தேன். அலாரம் ஒன்று வாங்கிவிட்டேன். ஆனாலும் கேட்காமல் ஜிப்பைத் திறந்தது பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஹாரோவாசி

செவிலி அவர்களுக்கு: இந்தக் கேள்வியை யாரும் இதுவரை என்னிடம் கேட்டதில்லை. அன்று இரவு அவர் போனபின், திறந்த வாசல் வழியே குளிர் உள்ளே வந்து, சின்னவன் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது. தலையை வலிக்கிறது அப்பா, வாந்தி வருகிறது என்றான். வாஸ்ட்வாட்டர் ஏரியோரத்துச் சாலையின் வளைவுகளால்தான் என்று சொல்லி, தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தேன்.

மெட்வே அவர்களுக்கு: அவர் கேட்டிருந்தால் நான் திறந்திருக்க மாட்டேன்.