மறு: ‘நெஸ்டட் மெனு’வுக்குத் தமிழ் – பட்டி வேண்டாமே

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

இணையதளத்தின் பக்கங்களுக்கு வழிகாட்டும் ‘மெனு’வை நாம் ‘பட்டி’ என்கிறோம். உருப்படிகளின் கீழே மேலும் உருப்படிகள் கிளைத்தால் அது ‘நெஸ்டட் மெனு’. அந்தப் ‘பட்டி’ மேல் எனக்கு அப்படி என்ன கோபம் என்று முந்தைய மடலில் கேட்டிருந்தீர்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் வந்து அந்தச் சொல்லை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். இங்கே பட்டி என்றால் நாய். மலையாளத்துக்கும் எங்களுக்கும் பொதுவான சொல். உங்கள் பக்கம் பாதி ஊர்ப்பெயர்கள் பட்டியில் முடிகின்றன, காதுக்குப் பழகிவிட்டது. எங்கள் ஊர்கள் விளை, கோடு, குளம் என்று முடிகிறவை.

பாசன விவசாயிகள் சிலருக்காகக் குளங்களின் விவரங்களைத் தொகுக்கும் தளம் ஒன்றை, தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்துகொண்டிருக்கிறேன். நிர்வாகப் பக்கத்தின் சொற்களை நானே தமிழாக்கி அவர்களில் ஒரு பெரியவரிடம் காட்டினேன். ‘முதன்மைப் பட்டி’, ‘துணைப்பட்டி’ என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “மக்களே, துணைப்பட்டிய எங்க கெட்டிப் போட்டிருக்க?” என்றார். அன்று அதற்குமேல் வேலை ஓடவில்லை.

சரி, ஒரு மாவட்டத்தின் சிரிப்புக்காகப் பொதுச்சொல்லை மாற்ற முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். என் உண்மையான தகராறு ‘நெஸ்டட்’ என்ற பாதியோடுதான். ‘நெஸ்ட்’ என்றால் கூடு. ‘கூட்டுப் பட்டி’ என்று ஒருவர் முன்மொழிந்தார். படித்தவுடன் கூட்டுறவுச் சங்கம்தான் நினைவுக்கு வருகிறது, குருவிக்கூடு வரவில்லை. ‘உட்பொதிந்த பட்டி’ இன்னொன்று. காணொளியைப் பக்கத்தில் ஒட்டுவதற்கு ‘உட்பொதி’யை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ‘அடுக்கு’ கணினியியலில் வேறு ஒன்றின் பெயர். ‘நிரல்’ என்றால் புரோகிராம். பள்ளிக் கணக்கில் அதுவே மேலிருந்து கீழாகப் போகும் வரிசை. அதையும் இழுக்க வேண்டாம்.

இவற்றில் பலவற்றுக்கு அடியில் ‘ஒன்றுக்குள் ஒன்று’ என்ற படம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் உள்ளே என்ன செய்கிறது என்று பாருங்கள். மெனுவின் ஒவ்வொரு உருப்படியும் தரவுத்தளத்தில் தனித்தனியாக நிற்கிறது. தனக்கு மேலே இருப்பதன் எண்ணை மட்டும் ஒவ்வொன்றும் குறித்து வைத்திருக்கிறது, மேல்மட்டத்தில் இருந்தால் சுழியம். மேலே இருப்பதற்குத் தன் கீழே யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. எதுவும் எதற்குள்ளும் இல்லை, கீழே உள்ளது மேலே கை காட்டுகிறது, அவ்வளவுதான். திரையிலும் உருப்படியைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்துவிட்டால் போதும், முந்தையதன் கீழே போய்விடும். அந்த இடத்தில் வரும் ஆங்கிலச் சொற்களும் ‘இதன் கீழே’, ‘இதன் கீழிருந்து வெளியே’ என்ற பொருளில்தான் இருக்கின்றன. உள்ளே என்ற பேச்சே இல்லை.

உடனே யாராவது மறுப்பார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். உலாவிக்குப் போகும் மீயுரையில் (எச்.டி.எம்.எல்.) ஒரு பட்டியல் இன்னொரு பட்டியலின் உருப்படிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. வேர்ட்பிரஸ் போன்ற இன்னொரு மென்பொருளான ஜூம்லாவோ தரவுத்தளத்திலேயே இடம், வலம் என்று இரண்டு எண்களை வைத்துக் கீழுள்ளதை மேலுள்ளதன் எண்களுக்கு நடுவே நிறுத்துகிறது. அங்கே ‘உள்’ சரிதான். ஆனால் நாம் மொழிபெயர்ப்பது உருப்படியை இழுத்து வைக்கிறவருக்காக.

அவருக்குப் புரிய வைக்க எங்கள் ஊரில் படம் தேட வேண்டியதில்லை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் புத்தன் அணைக்கு வந்து, பிறகு பிரிந்து தோவாளை சானல், அனந்தனாறு சானல் என்ற கால்வாய்களில் போகிறது. சானலிலிருந்து கிளைக்கால், அதிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல். “அந்தக் குளம் எந்தச் சானலுக்குக் கீழ?” என்றுதான் கேட்பார்கள். சானலுக்குள் குளம் என்று யாரும் சொல்வதில்லை. தளத்தின் மெனுவும் ஏறக்குறைய அதே வரைபடம்தான்.

அதனால் என் முன்மொழிவு: மெனு முழுவதற்கும் வழிப்பட்டியல். நெஸ்டட் மெனுவுக்குக் கிளைவழிப் பட்டியல். முதல் மட்டத்தில் இருப்பது தலைவழி, அதன் கீழே பிரிவது கிளைவழி. ஓர் உருப்படிக்கு நேர் மேலே இருப்பது அதன் மேல்வழி. ‘பட்டியல்’ என்றால் யாருக்கும் குரைப்பு கேட்காது.

‘மேல்வழி’க்குப் பதில் ‘தாய்’ போதாதா என்றால், போதாது. வேர்ட்பிரஸில் பக்கங்களுக்கும் தனியாகத் தாய்–சேய் உறவு உண்டு. ஒரு பக்கத்துக்குத் தாய்ப்பக்கம் கொடுத்ததும் மெனுவிலும் அது தானாகக் கீழே போய்விடும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. போகாது. இரண்டு உறவுக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்தக் குழப்பத்துக்கு நாமே தண்ணீர் ஊற்றுகிறோம். இன்னொன்று, நடுவில் உள்ள உருப்படியை மெனுத் திரையில் நீக்கினால் அதன் கீழே இருந்தவை ஒரு மட்டம் மேலே ஏறிக்கொள்கின்றன. ‘தாயை நீக்கு’ என்ற பொத்தானை அழுத்த எனக்கு மனம் வராது என்பதும் ஒரு காரணம்தான்.

அப்புறம் இலக்கணத் தொல்லை. ‘இதன் கீழே’ என்ற இடத்தில் நிரல் தானாகப் பெயரை நுழைக்கிறது. நாம் ‘இன் கீழ்’ என்று எழுதி வைத்தால் ‘அனந்தனாறு சானல் இன் கீழ்’ என்று முறிந்து நிற்கும். ‘மேல்வழி: அனந்தனாறு சானல்’ என்று வைத்தால் வேற்றுமை உருபே வேண்டாம். நான்காவது மட்டத்தில் கிடப்பதற்குப் பெயர் கேட்டவருக்கு: எங்களிடம் கடைமடை இருக்கிறது. அங்கே தண்ணீர் வந்து சேராது என்பது எல்லாருக்கும் தெரியும். துருபால் என்ற இன்னொரு தள மென்பொருள் 9 மட்டம் வரை அனுமதிக்கிறது என்பதற்காக 9 மட்டமும் வெட்ட வேண்டாம்.

கைப்பேசியில் சிக்கல் வேறு. சுட்டியை மேலே நிறுத்தி விரிக்க அங்கே வழியில்லை. தலைவழியைத் தொட்டால் பக்கம் திறப்பதா, கிளைவழிகள் விரிவதா? அதற்காகப் பக்கத்திலேயே ஓர் அம்புக்குறிப் பொத்தான் வைக்கிறோம். அதற்கு ‘மடை’ என்று பெயர் வைத்துப் பெருமையோடு பெரியவரிடம் காட்டினேன். “மடைன்னா தண்ணி போற துவாரம்லா மக்களே, தொறக்கது ஷட்டருல்லா” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மற்ற சொற்களை மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்த்துவிட்டேன், அந்த ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது.