கம்பி நீட்டினான்: எந்தக் கம்பி?

கேள்வி: பையனுக்கு மரபுத்தொடர் சொல்லித் தருகிறேன். "கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்" என்றதும் எந்தக் கம்பி, எவ்வளவு நீளம் என்று கேட்கிறான். எப்படி விளக்குவது?

மொட்டைமாடி: கம்பி, நீட்டு என்று தனித்தனியாகப் பொருள் தெரிந்தாலும் ஓடிப்போனான் என்பது அதிலிருந்து வராது, இரண்டும் சேர்ந்தால்தான் வரும். கம்பிக்குப் பதில் குச்சி நீட்டினான் என்று சொல்லிப் பாருங்கள், ஆள் ஓடவே மாட்டான்!

சுக்குக்காப்பி: சரிதான். "கையைக் கழுவினான்" என்றால் சாப்பாடு முடிந்தது, "நண்பனைக் கைகழுவினான்" என்றால் நட்பே முடிந்தது. அந்த 'ஐ' எங்கே உட்கார்கிறது என்று பையனையே கவனிக்கச் சொல்லுங்கள். அப்புறம் 'காது குத்துறான்' என்றால் ஏமாற்றுகிறான், 'செவி குத்துறான்' என்றால் யாருக்கும் புரியாது.

கேட்டவர்: அப்போ காதுகுத்து விழாவில்?

மொட்டைமாடி: அங்கே தாய்மாமன் மடியில் உட்காரவைத்து நிஜமாகவே குத்துவார்கள் சார்.