ஆடி மாதத்துக்குள் டிஜிட்டல் மிக்ஸர் வாங்க வேண்டும், எது சரி?

வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். என் 24 சேனல் அனலாக் மிக்ஸர், போன மே மாதம் ஏற்காட்டு நிகழ்ச்சியில் பனிமூட்டத்தில் ஈரமானதிலிருந்து 9 முதல் 16 வரையிலான சேனல்கள் கரகரக்கின்றன. போன வாரம் நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது மைக் செத்துவிட்டது. வித்வான் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், ரிப்பன் கேபிள், பவர் சப்ளை மாற்றினேன். பத்து நாள் தாங்கும், அப்புறம் பழையபடிதான்.

சரி, டிஜிட்டலுக்கே போகலாம் என்று பெரிங்கர் எக்ஸ்32 காம்பாக்ட், ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ-5 இரண்டில் வந்து நிற்கிறேன். இரண்டிலும் மைக் பிரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கித் தரும் இன்புட்) 16தான். மெல்லிசைக்கு எனக்கு 22 இன்புட் வேண்டும், அதனால் எதை வாங்கினாலும் ஸ்டேஜ் பாக்ஸ் (மேடையில் வைத்துக் கூடுதல் மைக்குகளைச் செருகும் பெட்டி) கட்டாயம். சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து டிஜிட்டலாக்குகிறது என்பது) முன்னதில் 48 கிலோஹெர்ட்ஸ், பின்னதில் 96. திருவிழா இரைச்சலில் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பது என் எண்ணம். ஜெனரேட்டர்தான் பயம்: ஒரு நொடி கரண்ட் போனாலும் மறுபடி பூட் ஆகும்வரை மேடையே ஊமை. அதற்கு யூபிஎஸ் வைத்துவிடுவேன். தூசிக்கும் ஈரத்துக்கும் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கோயில் திருவிழாக்களில் இவற்றை இரண்டு வருடமாவது ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: தூசியையும் ஈரத்தையும் இரண்டில் எது தாங்குகிறது?