ஐரிஷ் கலகப் பாட்டுகள்: அடுத்து எதைக் கேட்பது?

கேள்வி:
கொஞ்ச நாளாக வுல்ஃப் டோன்ஸ் என்ற ஐரிஷ் இசைக்குழுவின் பாட்டுகளில் விழுந்து கிடக்கிறேன். 'கம் அவுட் யே பிளாக் அண்ட் டான்ஸ்' காதில் விழுந்தாலே கை தானாகத் தாளம் போடுகிறது, ஆனால் பாதி வரி புரியவில்லை. கூட வேலை செய்யும் அயர்லாந்துக்காரரிடம் ஆசையாகச் சொன்னேன், அவர் முகம் சுருங்கிவிட்டது. "அது குடித்துவிட்டுக் கத்துகிற பாட்டு" என்றார். அப்படித்தானா? அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில் 1:
குடித்துவிட்டுக் கத்துகிற பாட்டேதான், விஷயமே அதில்தான் இருக்கிறது! டொமினிக் பீஹன் எழுதியது. பாட்டில் வரும் அப்பா, டப்ளின் தெருவில் ராத்திரி போதையில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டுக்காரர்களைச் சண்டைக்குக் கூப்பிடுகிறார். பிளாக் அண்ட் டான்ஸ் என்பது, அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த 1920இல் ஐரிஷ் போலீஸுக்குத் துணையாக பிரிட்டன் ஆள் எடுத்து இறக்கிய முன்னாள் சிப்பாய்கள். ராணுவக் காக்கியும் போலீஸின் கருத்த உடுப்பும் கலந்து போட்டதால் அந்தப் பெயர். ஆனால் அப்பா திட்டுகிற ஆட்கள் முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டு மெடல் வாங்கி வந்த அண்டை வீட்டார். பாதி கோபம், பாதி தெருச்சண்டை நக்கல். அந்த நக்கல் கூட்டமாகப் பாடும்போது காணாமல் போய்விடுகிறது. பிரிட்டிஷ் காலத்து அந்த ஐரிஷ் போலீஸ்காரர்களுக்கு நினைவு நிகழ்ச்சி நடத்தப்போவதாக அயர்லாந்து அரசு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பித் தள்ளிவைத்தது 2020 ஜனவரியில். அப்போது இந்தப் பாட்டு அங்கே ஐடியூன்ஸில் முதலிடத்துக்கே போனது.

பதில் 2:
உங்கள் நண்பர் முகம் சுருங்கியதில் நியாயம் இருக்கிறது. 2022இல் அயர்லாந்து பெண்கள் கால்பந்து அணி ஸ்காட்லாந்தை வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற சந்தோஷத்தில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதம் ஏந்தி, குண்டும் வைத்த ஐஆர்ஏவை வாழ்த்தும் ஒரு பாட்டு வரியை உடைமாற்றும் அறையில் பாடிவிட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள். ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ 20,000 யூரோ அபராதம் போட்டது. குண்டுவெடிப்பில் ஆளை இழந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன, அவர்கள் காதில் அது வேறு மாதிரி விழும். கேளுங்கள், யார் முன்னால் பாடுகிறோம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3:
கோஷப் பாட்டுகளை விட்டுவிட்டு ஒற்றை ஆளைப் பற்றிய பாட்டுகளுக்கு வாருங்கள், உயிர் அங்கேதான். 'கெவின் பாரி': பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடிய 18 வயது மருத்துவ மாணவன், 1920 நவம்பர் 1 அன்று மவுண்ட்ஜாய் சிறையில் தூக்கு. அப்புறம் 'கிரேஸ்'. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் பிடிபட்ட ஜோசஃப் பிளங்கெட்டைச் சுட்டுக் கொல்வதற்குச் சில மணி நேரம் முன்னால், கில்மைனம் சிறைக் கோயிலில் அவருக்கும் கிரேஸ் கிஃபோர்டுக்கும் கல்யாணம் நடந்தது. பாட்டு முழுக்க அந்த ஒரு ராத்திரிதான், எதிரியைத் திட்டி ஒரு வரி கிடையாது. அதே எழுச்சியைப் பற்றிய 'தி ஃபாகி டியூ'வுக்கு, பாடகி சினேட் ஓ'கானர் சீஃப்டன்ஸ் குழுவுடன் பாடியதைக் கேளுங்கள், அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

பதில் 4:
சம்பந்தம் கொஞ்சம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2002இல் பிபிசி உலக சேவை உலகின் பிடித்த பாட்டு எது என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, முதலிடம் வுல்ஃப் டோன்ஸ் பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெய்ன்'. நாலாம் இடம் நம் ராஜாவின் 'ராக்கம்மா கையத் தட்டு'!

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. 'கிரேஸ்' மூன்று தடவை ஓடிவிட்டது, இன்றைக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றாது. அந்த நண்பரிடமும் பேசினேன், அவர் அம்மா சமையலறையில் பாடுவது இதைத்தானாம். ராக்கம்மா சமாச்சாரத்தை நாளைக்கு அவரிடம் சொல்லப் போகிறேன்.