வெயில் காலத்தில் குதிரைக்கு உப்பு: கட்டியா, தூளா, எவ்வளவு?

ரேக்ளா_பொள்ளாச்சி:
கத்தியவாரி ஆண் குதிரை, சுமார் 350 கிலோ. காலையில் ஒரு மணி நேரம் வண்டிப் பயிற்சி. தீனி கொள்ளு, தவிடு, கோ-4 புல். மாட்டுக்கு வாங்கிய உப்புக்கட்டியைத் தொங்கவிட்டிருக்கிறேன், சரியாக நக்குவதில்லை. ஓடி முடித்ததும் கழுத்தெல்லாம் நுரை, ஆனால் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு விலகிவிடுகிறது. ஓ.ஆர்.எஸ். கலக்கலாமா? இந்துப்புதான் நல்லது என்கிறார்களே?

லாயக்காரன்:
முதலில் கட்டியின் உறையைப் படியுங்கள். மாட்டுக் கட்டிகள் சிலவற்றில் யூரியா இருக்கும். மோனென்சின் (மாட்டுத் தீவனத்தில் சேர்க்கும் ஒரு மருந்து) என்று போட்டிருந்தால் உடனே தூக்கி எறியுங்கள், குதிரையின் இதயத் தசையையே அழித்துவிடும். வெறும் உப்புக்கட்டி என்றாலும் போதாது. மாட்டு நாக்கு மாதிரி குதிரை நாக்கில் சொரசொரப்பு கிடையாது.

தூள் உப்பைத் தீனியில் போடுங்கள். 350 கிலோவுக்கு ஓய்வு நாளில் 7 கிராம் சோடியம் வேண்டும், அதாவது 18 கிராம் உப்பு. நுரை தள்ளும் நாளில் 5 லிட்டர் வியர்வை போனதாக வைத்துக்கொண்டால், லிட்டருக்குச் சோடியமே 3 கிராமுக்கு மேல். கூடுதலாக 40 கிராம் உப்பு வேண்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல் உப்பும் தூளும் எடை ஒன்றாக வராது, தராசில் நிறுத்துவிடுங்கள். ஈரத் தவிட்டில் பிசைந்து இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். 10 கிராமில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். எடுத்ததுமே முழு அளவைக் கொட்டினால் தீனியையே ஒதுக்கிவிடும்.

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், காசுதான் அதிகம். கடை அயோடின் உப்பே போதும்; 60 கிராமில் 2 மில்லிகிராம் அயோடின்கூட வராது.

குளம்படி:
தண்ணீரை விட்டு விலகுவதற்குக் காரணம் இருக்கிறது. நமக்கு வியர்த்தால் உப்பைவிட நீர்தான் அதிகம் போகும், ரத்தத்தில் உப்பு ஏறித் தாகம் எடுக்கும். குதிரை வியர்வையில் உப்பு ஏறக்குறைய ரத்தத்தில் உள்ள அளவுக்கு இருக்கும். இரண்டும் சேர்ந்தே போவதால், உடல் வறண்டாலும் தாகம் தெரியாது.

ஓடி முடித்ததும் 5 லிட்டரில் 45 கிராம் உப்பு கரைத்து வையுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் வாளியும் கட்டாயம் இருக்கட்டும். உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டால் அன்றைக்குத் தீனியில் அந்த 40 கிராம் வேண்டாம்.

ஓ.ஆர்.எஸ். கட்டுப்படியாகாது. ஒரு பாக்கெட்டில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம்தான்.

ரேக்ளா_பொள்ளாச்சி:
நன்றிங்க. பந்தயத்துக்கு முன் சமையல் சோடா கொடுக்கிறார்களே? பொட்டாசியம்?

குளம்படி:
சோடா கூடவே கூடாதுங்க. வியர்வையில் குளோரைடு நிறையப் போவதால் ரத்தம் ஏற்கெனவே காரப் பக்கம் (அமிலத்துக்கு எதிர்ப்பக்கம்) சாய்ந்திருக்கும். சோடா அதை இன்னும் ஏற்றும், ரத்தத்தில் வேலை செய்யும் கால்சியம் குறையும், விலாப்புறம் இதயத் துடிப்போடு சேர்ந்து வெட்டி வெட்டித் துடிக்க ஆரம்பிக்கும். பொட்டாசியம் புல்லிலேயே தாராளம். பொட்டாஷ் உரத்தை எடுத்துக் கலக்கிவிடாதீர்கள்.

லாயக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. கடும் வெயிலில் ஓடியும் வியர்வையே வராமல் மூச்சு மட்டும் வாங்கினால் அது உப்புப் போட்டுத் தீர்க்கும் விஷயமில்லை. நிழலில் நிறுத்தி, மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்கள்.