டொராண்டோவின் 401, பாரிஸின் பெரிஃபெரிக்: வேறுபாடு தடங்களில் மட்டும்தானா?

ஸ்காபரோவாசி (கேள்வி):
டொராண்டோ மாநகரை ஊடறுத்துச் செல்லும் 401 நெடுஞ்சாலையில் சில பகுதிகளில் 18 தடங்கள் வரை உள்ளன. பாரிஸைச் சுற்றிவரும் பெரிஃபெரிக் சாலையோ பெரும்பாலான இடங்களில் ஒரு திசைக்கு 3 அல்லது 4 தடங்களோடு நின்றுவிடுகிறது. இட நெருக்கடிதான் இதற்குக் காரணமா, அல்லது திட்டமிடும் முறையிலேயே வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் வேறு வேறு வழியில் போய்விட்டனவா?

வரைபடப் பித்தன்:
தடங்களை எண்ணுவதைவிட, நெடுஞ்சாலை எந்த இடத்தில் முடிகிறது என்று பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலங்களுக்கு இடையிலான நெடுஞ்சாலைச் செலவில் 90 விழுக்காட்டை மத்திய அரசே ஏற்றதால், அந்தச் சாலைகளை நகர மையத்தின் வழியாகவே கொண்டுபோக மாநிலங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. பாரிஸிலோ, பழைய கோட்டைமதிலை ஒட்டியிருந்த வளையநிலத்தில் 1973-இல் நிறைவுற்ற பெரிஃபெரிக் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு நகரைச் சுற்றுகிறது; வெளியூர்களிலிருந்து வரும் விரைவுச்சாலைகள் அதைத் தொட்டதும் முடிந்துவிடுகின்றன.

கிளாஸ்கோ வழிப்போக்கர்:
கண்டத்தை வைத்துப் பிரிப்பதை நான் ஏற்கவில்லை. கிளாஸ்கோவின் நடுவே எம்8 விரைவுச்சாலை செல்கிறது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஏ40 விரைவுச்சாலை எசன் நகருக்குள்ளேயே ஓடுகிறது. மறுபுறம், வான்கூவர் நகர மையத்தில் விரைவுச்சாலையே இல்லை. டொராண்டோவிலும் ஸ்படைனா விரைவுச்சாலையை 1971-இல் மாகாண அரசு கைவிட்டதால், அதன் வடபகுதியான ஆலன் சாலை எக்ளிண்டன் அவென்யூவோடு நின்றுபோயிற்று. லண்டன் தன் வளையச்சாலைத் திட்டத்தைக் கைவிட்டதும் ஏறத்தாழ அதே காலத்தில், 1973-இல்தான். மக்கள் எதிர்ப்பு எங்கே உரிய நேரத்தில் வலுப்பெற்றது என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானித்தது.

சாலைப் பொறியாளர்:
401-உம் புறவழிச்சாலையாகப் பிறந்ததுதான். 1950-களில் நகருக்கு வடக்கே திறந்தவெளியில் நான்கு தடங்களோடு அமைந்த அதைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டது. 1960-களில் அகலப்படுத்தியபோதுதான் நெடுந்தூர வாகனங்களுக்கு உள்ளே எக்ஸ்பிரஸ் தடங்களும், நகருக்குள் ஏறி இறங்குவோருக்கு வெளியே கலெக்டர் தடங்களும் எனப் பிரித்தார்கள். ஆகவே 18 தடங்கள் என்பது நடைமுறையில் அருகருகே ஓடும் நான்கு சாலைகள். பெரிஃபெரிக்கில் அத்தகைய பிரிப்பு இல்லை, உள்ளே நுழையும் வாகனத்துக்கே முன்னுரிமை என்ற விதி வேறு இருக்கிறது (முதன்முறை ஓட்டுபவரைத் திகைக்க வைக்கும் விதி!). 2024 அக்டோபரில் அங்கு வேக வரம்பை மணிக்கு 50 கிலோமீட்டராகக் குறைத்தார்கள்.

பாரிஸ் பகுதி கூடுதல் நெரிசலுக்கு ஏ86 என்னும் வெளிவளையத்தை அமைத்தது. டொராண்டோ 1997-இல் 407 சுங்கச்சாலையைத் திறந்தது. ஆனால் கட்டணத்துக்கு அஞ்சும் சரக்கு லாரிகள் பல இன்னும் 401-ஐ விடவில்லை.

ஸ்காபரோவாசி:
அப்படியானால் 401-இன் கீழே சுரங்கம் அமைக்கலாம் என்று ஒன்ராறியோ முதல்வர் 2024-இல் சொன்னதற்கு ஏ86 முன்மாதிரி ஆகுமா? அங்கும் சுரங்கம் உண்டு அல்லவா?

சாலைப் பொறியாளர்:
ஆகாது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஈரடுக்குச் சுரங்கத்தில் 2 மீட்டருக்கு மேல் உயரமான வாகனங்களுக்கு அனுமதியில்லை. லாரிகளை விலக்கியதால்தான் ஒரே குழாய்க்குள் இரண்டு அடுக்குகளை அமைக்க முடிந்தது. 401-இன் பெருஞ்சுமையே லாரிகள்தான்.