மறு: ஃப்ளோட் என்பதற்குப் 'பொறுதி' பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

திட்ட அட்டவணையில் ஒரு வேலை, முழுத் திட்டத்தின் முடிவைக் கெடுக்காமல் எத்தனை நாள் பிந்தலாம் என்பதை ஆங்கிலத்தில் ஃப்ளோட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பொறுதி' என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தேன். மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். தனித்தனியாகப் பதில் போட்டால் இழை சிதறிப் போகும், அதனால் ஒரே மடலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். செம்பனை (பாமாயில்) ஆலைகளுக்கு மராமத்து வேலை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகையாளரிடம் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். திட்ட மேலாளர்களுக்குச் சான்றிதழ் தரும் பிஎம்பி தேர்வில் முதல் முறை தோற்று, இரண்டாம் முறை தேறினேன். இப்போது சனிக்கிழமை இரவுகளில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஐந்து பேருக்கு அந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்து பேரும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து, அப்புறம் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்தவர்கள். பட்டதாரிகளைவிட இவர்களுக்குக் கூடுதல் அனுபவம் கேட்கிறார்கள். அதை வேலையிடத்தில் கழித்துவிட்டு, 35 மணிநேரப் பயிற்சியையும் முடித்துவிட்டுத்தான் விண்ணப்பம் போட முடியும். ஆக இவர்கள் வேலை தெரியாதவர்கள் இல்லை. வேலைக்கு அந்தத் தேர்வு வைத்திருக்கும் பெயர்கள்தான் இவர்களுக்குப் புதிது.

நம் குழுமத்து அக்கா எழுதியிருந்தது:

> தேர்வே ஆங்கிலத்தில்தானே தம்பி. அங்கே ஃப்ளோட் என்றுதான் கேட்கப்போகிறான். தமிழ்ச்சொல் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி அக்கா. தமிழில் அந்தத் தேர்வு இல்லைதான். நான் எழுதியபோது 180 கேள்வி, 230 நிமிடம், நடுவே பத்து பத்து நிமிடமாக இரண்டு இடைவேளை. இடைவேளைக்கு எழுந்துவிட்டால் அதுவரை முடித்த கேள்விகளுக்குத் திரும்பிப் போக முடியாது. ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம்தான் விழும். கேள்விகளும் பெரும்பாலும் நேரடியாக வருவதில்லை: 'உன் குழுவில் ஒருவர் இப்படிச் சொல்கிறார், வாடிக்கையாளர் அப்படிச் சொல்கிறார், நீ முதலில் என்ன செய்வாய்' என்று ஒரு கதையாக வரும். நான் முதல் முறை தோற்றது அங்கேதான். சூத்திரங்கள் அத்தனையும் மனப்பாடம், கணக்கு கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், ஆனால் கணக்கைச் சொல்லாமல் 'இந்த வேலை இரண்டு நாள் தாமதம், என்ன செய்வாய்' என்று கேட்டதும் பதறிப் போய், மேலிடத்துக்குச் சொல், ஆட்களைக் கூட்டு என்று எதையெதையோ தேர்ந்தெடுத்தேன். அந்த வேலைக்கு இரண்டு நாள் தாமதத்தைத் தாங்கும் இடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், அது எனக்கு உறைக்கவே இல்லை. ஃப்ளோட் என்ற சொல் எனக்குள் ஒரு எண்ணாகத்தான் இருந்தது. அதனால்தான் சொல் வேண்டும் என்கிறேன். தேர்வுத்தாளில் எழுத இல்லை, தலைக்குள் வைத்துக்கொள்ள.

சரி, சொற்களைப் பார்ப்பதற்கு முன்னால் பொருளைத் தெளிவாக வைத்துவிடுகிறேன், ஏனென்றால் இழையில் வந்த பாதிக் கருத்துவேறுபாடு பொருளைப் பற்றித்தான். வகுப்பில் போட்ட கணக்கையே சொல்கிறேன். ஓர் ஆலையை மராமத்துக்காக நிறுத்துகிறோம். கொதிகலன் ஆற 2 நாள், குழாய்களை மாற்ற 6 நாள், சோதனை ஓட்டத்துக்கு 1 நாள். இது ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும், மொத்தம் 9 நாள். இன்னொரு பக்கம் லாரி நிறுக்கும் எடைமேடையைப் பழுதுபார்க்க 4 நாள், அது முடிந்ததும் அதன் கொட்டகைக்குச் சாயம் பூச 2 நாள், ஆக 6 நாள். இரண்டு பக்கமும் முதல் நாளே தொடங்கலாம், இரண்டும் முடிந்தால்தான் ஆலை திறக்கும். எடைமேடைப் பக்கம் 3 நாள் பிந்தினாலும் ஆலை பத்தாம் நாள் காலையில் திறந்துவிடும். அந்த 3 நாள்தான் ஃப்ளோட். பிந்தியாவது தொடங்க வேண்டிய நாளிலிருந்து முந்தித் தொடங்கக்கூடிய நாளைக் கழித்தால் அது கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 3 நாளை யாரும் கொடுக்கவில்லை. முதலாளி மனமிரங்கித் தந்த சலுகை இல்லை. வேலைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் விதத்தில் தானாக விழுந்தது.

இதை வைத்துக்கொண்டுதான், கிள்ளானிலிருந்து எழுதும் ஐயா ஃப்ளோட்டுக்குச் சொன்ன 'அவகாசம்' எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஐயா மன்னிக்கவும். அது வடசொல் என்பது என் மறுப்பு இல்லை, எல்லோருக்கும் தெரிந்த சொல், நானும் தினமும் சொல்கிறேன். ஆனால் 'எடைமேடைக்கு 3 நாள் அவகாசம்' என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். ஐந்து பேரில் நான்கு பேர், எடைமேடையை மூன்று நாளில் முடிக்க வேண்டும் என்று படித்தார்கள். நான்கு நாள் வேலையை மூன்று நாளில் எப்படி முடிப்பது என்று ஒருவர் கேட்கவும் செய்தார். தமிழில் அவகாசம் என்றால் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் கெடு. வேலைக்கு எடுக்கும் காலமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. நமக்கு வேண்டியது வேலைக்காலம் போக எஞ்சுவது.

'தொய்வு' என்று ஒருவர் எழுதியிருந்தார். கயிறு தொய்கிறது, ஆங்கிலத்தில் ஸ்லாக் என்று சொல்வதும் அதைத்தானே என்று. படம் சரிதான். ஆனால் நாளேட்டில் 'பணியில் தொய்வு' என்று வந்தால் என்ன புரிந்துகொள்கிறோம்? வேலை படுத்துவிட்டது என்று. '3 நாள் தொய்வு' என்றால் ஏற்கெனவே மூன்று நாள் பிந்திவிட்டதாகப் படிப்பார்கள், பொருள் நேர் தலைகீழாகிவிடும். 'தளர்வு' அவ்வளவு மோசமில்லை, ஆனால் 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து தளர்வு என்றால் அரசாங்கம் அறிவிப்பது என்று ஆகிவிட்டது, மறுபடியும் கொடுக்கிறவர் ஒருவர் வந்து நிற்கிறார். 'மிதவை' பற்றி ஒன்றே ஒன்று: ஆங்கிலேயருக்கு மிதக்கிற படம் தோன்றியது என்பதற்காக நமக்கும் மிதக்க வேண்டியதில்லை. மிதவை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆற்றில் போடும் தெப்பம்தான்.

பொறுதி எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்டிருந்தீர்கள். எந்த அகராதியிலும் தேடி எடுக்கவில்லை. என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். ரப்பர் மரத்தை வெயில் ஏறுவதற்கு முன் வெட்டிவிட வேண்டும், விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும். வெட்டி முடித்து, மரத்தில் கட்டியிருக்கும் மங்கில் (கிண்ணத்தில்) பால் இறங்கும்வரை காத்திருந்து, பசியாறிவிட்டு, அப்புறம் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரை நிரையாகப் போய் எடுக்க வேண்டும். எடுத்த பால் கட்டிப்போவதற்குள் கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும், மழை இறங்கினால் கேட்கவே வேண்டாம். பள்ளி விடுமுறையில் உதவிக்குப் போன எனக்கு அம்மா சொன்ன ஒரே கட்டளை, 'பால் பொறுக்காதுடா, வாளியைத் தூக்கு.' ஆனால் மங்கிலே உறைந்து கிடக்கும் கட்டிப்பாலையும் வெட்டில் ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலையும் நான் நோண்டிக்கொண்டு நின்றால், 'அது நாளைக்குப் பொறுக்கும், விடு' என்பார். ஒரே வினை. ஒன்றுக்குப் பொறுக்காது, மற்றதற்கு நாளைவரை பொறுக்கும். நான் பணம் கட்டிப் படித்த பாடம் இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. கொட்டகையில் பாலுக்கு அமோனியா ஊற்றுவதும் அது உறையாமல் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கட்டும் என்றுதான்.

செம்பனைக்கும் அதே பேச்சுத்தான். வெட்டிய குலை 24 மணிநேரத்துக்குள் ஆலைக்குப் போனால் நல்லது, போகப் போக எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். லாரி ஓட்டுநர்கள் 'பழம் பொறுக்காது' என்கிறார்கள். 'அவகாசம் இல்லை' என்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பொறுதிக்குக் கிள்ளான் ஐயா சொன்ன மறுப்பு இன்னும் கனமானது.

> பொறுதி என்பது பொறுமை, மன்னித்தல். மனிதனுடைய குணம். ஒரு வேலைக்கு எப்படிப் பொறுதி இருக்கும்? அதோடு எந்திரத் துறையில் டாலரன்ஸ் என்பதற்கு இந்தச் சொல் தேவைப்படும், நீங்கள் எடுத்துக்கொண்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

ஐயா, முதல் பாதிக்கு என் பதில்: பழம் பொறுக்கும், பால் பொறுக்காது, வயிறு பொறுக்காது என்று பொருள்களுக்கும் உறுப்புகளுக்கும் நாம் இந்த வினையை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. வினையைக் கொடுத்தபின் அதன் பெயர்ச்சொல்லை மட்டும் மனிதருக்கென்று பூட்டி வைக்க முடியாது. இரண்டாம் பாதியில் நீங்கள் சொல்வது சரி. ஒரு தண்டின் விட்டம் இத்தனை மைக்ரான் கூடலாம் குறையலாம் என்பதும் பொறுப்பதுதான். அதனால் குழப்பம் வரக்கூடிய இடத்தில் 'காலப்பொறுதி' என்று எழுதலாம், திட்ட அட்டவணைக்குள்ளே பேசும்போது வெறும் பொறுதி போதும். எந்திரக்காரர்கள் 'அளவுப்பொறுதி' என்று வைத்துக்கொள்ளட்டும். இரண்டும் ஒரே கருத்தின் இரண்டு கிளை என்பதால் ஒரு வேர் இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன், நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுதுங்கள்.

எனக்கு இந்தச் சொல்லில் பிடித்தது, இது தனியாக நிற்காமல் குடும்பமாக வருகிறது. எடைமேடைக் கணக்கையே எடுங்கள். ஆலை திறப்பதைக் கெடுக்காமல் பிந்தக்கூடிய நாள் பழுதுபார்ப்புக்கும் 3, சாயத்துக்கும் 3. இது மொத்தப் பொறுதி. ஆனால் அடுத்த வேலையையும் கெடுக்காமல் பிந்தலாம் என்று பார்த்தால் பழுதுபார்ப்புக்கு ஒன்றுமில்லை, அது ஒரு நாள் பிந்தினாலும் சாயக்காரர் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். சாயத்துக்கு மட்டும் 3. இது தனிப் பொறுதி. மொத்தப் பொறுதி என்பது அந்தப் பாதையில் இருக்கிற எல்லோருக்கும் பொதுவான சோறு, முன்னால் போகிறவர் சாப்பிட்டுவிட்டால் பின்னால் வருபவருக்கு இருக்காது. எங்கள் வேலையிடத்தில் நடக்கும் சண்டையில் முக்கால்வாசி இதுதான், தேர்வில் கதையாக வரும் கேள்விகளிலும் இது ஒளிந்திருக்கிறது. முதலாளி வந்து, ஒன்பது நாள் முடியாது, எட்டே நாளில் திற என்று சொன்னால் கொதிகலன் பாதைக்குப் பொறுதி ஒரு நாள் குறையாகிறது. அதைக் குறைப்பொறுதி எனலாம். இப்படி அவகாசத்தை வைத்துச் செய்து பாருங்கள், 'குறை அவகாசம்' என்றால் போதாத நேரம் என்றுதான் யாருக்கும் படும்.

இப்போது என்னால் தனியாகத் தீர்க்க முடியாத இடத்துக்கு வருகிறேன். பொறுதியே இல்லாத அந்தப் பாதைக்கு, கிரிட்டிக்கல் பாத் என்கிறார்களே, அதற்கு என்ன பெயர்? 1957 வாக்கில் டூபாண்ட் நிறுவனமும் ரெமிங்டன் ரேண்ட் நிறுவனமும் சேர்ந்து இப்படிப் பாதை போட்டுக் கணக்கிடும் முறையை உண்டாக்கியபோது, அதைத் தொடக்கத்திலேயே போட்டுப் பார்த்த இடங்களில் ஒன்று, எங்களைப் போலவே, மராமத்துக்காக நிறுத்திய ஓர் ஆலை. அந்தப் பாதை திட்டத்தின் ஆகப் பெரிய நீளமுள்ள பாதை. அதில் இருக்கும் வேலைகள் முக்கியமானவை என்று அர்த்தமே இல்லை. கொதிகலன் ஆறுவதற்காகச் சும்மா உட்கார்ந்திருக்கும் இரண்டு நாளும் அதில்தான் இருக்கிறது. 'முக்கியப் பாதை' என்று நான் முதலில் சொல்லிக்கொடுத்தேன், அதனால் ஒருவர் செலவு அதிகமான வேலைகளை எல்லாம் பொறுக்கியெடுத்து ஒரு கோட்டில் அடுக்கி வந்தார். அது அவர் தப்பில்லை, நான் கொடுத்த சொல்லின் தப்பு. 'நெருக்கடிப் பாதை' என்றால் ஏதோ விபத்து நடந்த மாதிரி இருக்கிறது. மலாயில் லாலுவான் கெந்திங் என்கிறார்கள். கெந்திங் என்றால் ஒடுங்கியது, இறுகியது என்று பொருள், கெந்திங் மலைக்குப் பெயர் தந்த அதே சொல். மலாய்க்காரர்கள் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுக்காமல் தங்கள் சொல்லிலிருந்து எடுத்திருக்கிறார்கள் பாருங்கள்.

என் கையில் இரண்டு இருக்கிறது. ஒன்று 'பொறாவழி'. குறுக்கமாக இருக்கிறது, பொறுதி என்ற சொல்லோடு ஒட்டியும் வருகிறது. ஆனால் வகுப்பில் சொன்னதும் ஒரு தங்கச்சி, 'அண்ணே, பொறாமை மாதிரி கேக்குதே' என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மற்றது 'பொறுக்காப் பாதை'. நீளம்தான், ஆனால் அதைக் கேட்டதும் ஐந்து பேரும் விளக்கம் கேட்காமல் படத்தில் சரியான கோட்டைத் தொட்டுக் காட்டினார்கள். கலைச்சொல் என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்று ஐயா பல வருடமாக இந்தக் குழுமத்தில் சொல்லி வருகிறீர்கள், எனக்கும் அதில் உடன்பாடுதான். என்றாலும் கேட்டவுடன் விளங்குவதைத் தள்ளிவிட மனம் வரவில்லை.

வருகிற சனிக்கிழமை, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று கோத்துக் காட்டும் வலையமைப்புப் படங்களை முழுதாக நடத்தப்போகிறேன், அதற்கான தாளை வெள்ளி இரவு அச்சடிக்க வேண்டும். பொறுதி, மொத்தப் பொறுதி, தனிப் பொறுதி, குறைப்பொறுதி நான்கையும் போட்டுவிடுகிறேன், யாருக்காவது கடுமையான மறுப்பு இருந்தால் அதற்குள் சொல்லிவிடுங்கள். அந்தப் பாதைக்குப் பெயர் போட வேண்டிய இடத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டிருக்கிறேன். அக்கா, நீங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் இரண்டு சொல்லையும் சொல்லி, எதைக் கேட்டால் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து